பல்லில் பூச்சி இருந்த காலம்

கேட்கப்பட்ட கேள்விகள் மூன்று. பல் மருத்துவர்கள் இல்லாத காலத்தில் மக்கள் பல்வலிக்கு என்ன செய்தார்கள்? அக்காலத்தவரின் பற்கள் நம்முடையவற்றைவிட உறுதியாக இருந்தன என்பது உண்மையா? பல் பிடுங்கும் தொழில், படித்துப் பட்டம் பெற்றுச் செய்யும் மருத்துவமாக எப்போது மாறியது? மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்காமல் சேர்த்தே பதில் எழுதுகிறேன். பல் ஏன் கெடுகிறது என்பது தெரிவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பல்லைக் குடையவும் அடைக்கவும் கட்டவும் மனிதரின் கை கற்றுக்கொண்டுவிட்டது. கை முந்திக்கொள்ள, காரணம் வெகுதூரம் பின்தங்கி வந்தது. கேட்ட மூன்றுக்கும் பதில் இந்த இடைவெளிக்குள்தான் கிடக்கிறது.

சொத்தை விழுந்த பல்லைத் தமிழில் பூச்சிப்பல் என்கிறோம். 'பூச்சி அரித்துவிட்டது' என்று சொல்லும்போது அதை வெறும் பேச்சுவழக்கு என்றே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு பழைய மருத்துவக் கொள்கையே உறைந்து கிடக்கிறது. பல்லுக்குள் ஒரு புழு குடியிருக்கிறது, அது குடைவதால்தான் வலி வருகிறது என்ற கருத்து மெசொப்பொத்தேமியாவின் களிமண் பலகைகளில் உண்டு. சீனத்திலும் ரோமிலும் உண்டு. ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டு வரை படித்த மருத்துவர்களே அதை நம்பினார்கள். அந்தப் பூச்சி எப்படிப் போயிற்று என்று எழுதினாலே இந்த வரலாற்றில் முக்கால்வாசியை எழுதியதாகிவிடும்.

முதலில் உறுதியைப் பற்றி. வேட்டையாடியும் சேகரித்தும் உண்டு வாழ்ந்த மனிதர்களின் மண்டையோடுகளில் சொத்தைப்பல் பொதுவாகக் குறைவு. வேளாண்மை வந்து மாவுப்பொருள் அன்றாட உணவான பிறகே அது கூடியது. எனவே அவர்களின் பற்கள் உறுதியாக இருந்தன என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் உறுதிக்குக் காரணம் பல்லில் இல்லை, உணவில் இருந்தது. மொராக்கோவின் தஃபோரால்ட் குகையில் ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் வேளாண்மை அறியாதவர்கள். ஆயினும் அங்கே கிடைத்த பெரியவர்களின் பற்களில் பாதிக்கு மேல் சொத்தை. ஓக் மரத்தின் கொட்டைகளையும் பைன் விதைகளையும் சேகரித்து வைத்துத் தின்றதே அதற்குக் காரணம். மாவும் இனிப்பும் பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தால் எந்தக் காலத்துப் பல்லும் கெடும். பழங்கால எகிப்தியரிடமோ துன்பம் வேறு வகையில் வந்தது. ரொட்டி மாவில் கலந்த மணலும் அரைகல்லின் துகளும் பற்களைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே இருக்கும் பல்கூழ் வெளியே தெரியும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டன. எகிப்திய மம்மிகளின் தாடைகளில் வேர்நுனிச் சீழ்க்கட்டிகள் விட்டுச்சென்ற குழிகளை இன்றும் காணலாம். அரசகுடும்பத்தவரும் அந்த வலிக்குத் தப்பவில்லை.

இனி, கையின் கதை. வட இத்தாலியின் வில்லபுரூனாவில் கிடைத்த, ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய இளைஞர் ஒருவரின் கடைவாய்ப்பல்லில், சொத்தை விழுந்த பகுதியைக் கூரிய கல்முனையால் சுரண்டி எடுத்த கீறல்கள் காணப்படுகின்றன. பல்லின் மீது நடந்ததாக நாம் அறிந்த சிகிச்சைகளில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. அதைவிட வியப்பானது இன்றைய பாகிஸ்தானின் பலுசிஸ்தான் பகுதியிலுள்ள மெஹர்கர். அங்கே 9,000 முதல் 7,500 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒன்பது பெரியவர்களின் பதினொரு கடைவாய்ப்பற்களில் துல்லியமான துளைகள் இருப்பதாக 2006-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவ்வூரார் மணி செய்பவர்கள். கடினமான கற்களில் நூல் கோக்கும் துளையிடுவதில் கைதேர்ந்தவர்கள். வில்லின் நாணைக் குச்சியில் சுற்றி, குச்சியின் நுனியில் தீக்கல் முனையைப் பொருத்தி, வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் குச்சி சுழலும். அதே முறையை ஆய்வாளர்கள் செய்துபார்த்தபோது மனிதப்பல்லின் எனாமலில் ஒரு நிமிடத்திற்குள் துளை விழுந்துவிட்டது. துளைகளின் விளிம்புகள் மழுங்கியிருக்கின்றன. அப்படியென்றால் துளையிட்ட பிறகும் அவர்கள் உயிரோடிருந்து அந்தப் பல்லாலேயே மென்றிருக்கிறார்கள். மணி கோக்கிறவரே பல்லையும் துளைத்திருப்பார் என்ற ஊகம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இந்தத் துறை பின்னாளிலும் பொற்கொல்லர், தந்தச் சிற்பி, நாவிதர், கருமான் என்று பிறருடைய கருவிகளைக் கடன்வாங்கித்தான் வளர்ந்தது.

கை இவ்வளவு நுட்பமாக இருந்த அதே உலகில் காரணம் எங்கே இருந்தது என்பதற்குப் பாபிலோனியப் பலகை ஒன்று சாட்சி. அதிலுள்ள மந்திரம் படைப்பிலிருந்து தொடங்குகிறது. வானக்கடவுள் வானத்தைப் படைத்தார், வானம் பூமியைப் படைத்தது, பூமி ஆறுகளை, ஆறுகள் கால்வாய்களை, கால்வாய்கள் சேற்றை, சேறு புழுவைப் படைத்தது. புழு அழுதுகொண்டே தேவர்களிடம் போய்த் தனக்கு உணவு என்ன என்று கேட்கிறது. பழுத்த அத்திப்பழம் தருகிறோம் என்கிறார்கள். அத்திப்பழம் எனக்கெதற்கு, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே என்னைக் குடிவையுங்கள், பல்லின் இரத்தத்தை உறிஞ்சி வேரைக் கடித்துத் தின்கிறேன் என்கிறது புழு. இந்தக் கதையைச் சொல்லிப் புழுவைச் சபித்து, பீரும் எண்ணெயும் கலந்த மருந்தைப் பல்லில் வைக்க வேண்டும். நோய்க்குக் காரணம் தெரியாதபோது கதை அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. இது நல்ல கதையாகவும் அமைந்துவிட்டதால்தான் நெடுங்காலம் வாழ்ந்தது.

கண்ணால் கண்ட சான்றும் அதற்கு இருந்தது. முதலாம் நூற்றாண்டின் ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் எழுதிவைத்த முறை இது: குரோசாணி ஓமம் என்ற நச்சுச்செடியின் விதைகளைத் தணலில் தூவி, எழும் புகையை வாயில் பிடித்து, பிறகு வெந்நீரால் கொப்பளித்துத் துப்ப வேண்டும். துப்பிய நீரில் சின்னஞ்சிறு வெண்ணிறப் புழுக்கள் மிதக்கும். நோயாளியின் வலியும் குறைந்துவிடும். இதற்குமேல் யாருக்கு என்ன ஐயம் வரும்? ஆனால் வலி குறைந்ததற்குக் காரணம் அந்தச் செடியிலுள்ள, மயக்கம் தரும் ஆல்கலாய்டுகள். நீரில் மிதந்தவை, சூட்டில் வெடித்த விதைகளிலிருந்து வெளிவந்த முளைக்கருக்கள். வளைந்த நூல்துண்டைப் போன்ற அவை பார்வைக்குப் புழுவேதான். இவ்வளவு கச்சிதமாக ஏமாற்றும் 'ஆதாரம்' மருத்துவ வரலாற்றில் அரிது.

இதற்கிடையே, காரணத்தைப் பற்றிக் கவலைப்படாத கைவினை வளர்ந்துகொண்டே போனது. எகிப்தில் கி.மு. 2650-ஐ ஒட்டி வாழ்ந்த ஹெசிரே என்ற அதிகாரியின் பட்டங்களுள் ஒன்றைப் 'பல் மருத்துவர்களின் தலைவர்' என்று படிக்கிறார்கள். பெயர் தெரிந்த முதல் பல் மருத்துவர் என்ற பெருமை அவருக்கே தரப்படுகிறது. இத்தாலியின் எத்ருஸ்கர்கள் தூய பொன்னைப் பட்டையாகத் தட்டி, ஆடாத பற்களைச் சுற்றிக்கொண்டுவந்து நடுவிலுள்ள இடைவெளியில் மாற்றுப்பல்லைப் பொருத்தினார்கள். நாம் இன்று 'பிரிட்ஜ்' என்று சொல்வதன் முன்னோடி அது. ரோமில் இது எவ்வளவு பரவியிருந்தது என்பதை ஒரு சட்டம் காட்டிக்கொடுக்கிறது: கி.மு. 450-ஐ ஒட்டிய பன்னிரண்டு பலகைச் சட்டம் இறந்தவரோடு பொன்னைப் புதைக்கக்கூடாது என்று தடைவிதித்துவிட்டு, பற்களைக் கட்டியிருக்கும் பொன்னுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. அதே ரோமில் கெல்சஸ் என்பவர், குழிவிழுந்த பல்லைப் பிடுங்குமுன் குழியைப் பஞ்சாலோ ஈயத்தாலோ அடைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் குறடு பிடிக்கும்போது பல் நொறுங்கிவிடும் என்று எழுதினார். பல் அடைப்பது அன்று பல்லைக் காப்பாற்ற அல்ல, ஒழுங்காகப் பிடுங்க.

பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கோர்தோவாவில் வாழ்ந்த அல்-ஸஹ்ராவி என்ற அறுவை மருத்துவரை இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். பற்களில் படியும் காரையைச் சுரண்டி எடுக்காவிட்டால் ஈறு கெடும் என்று எழுதி, அதற்கான சுரண்டிகளைப் படமாகவும் வரைந்துவைத்தார்; அவற்றின் வடிவத்தைப் பார்க்கும் இன்றைய மருத்துவருக்குத் தன் தட்டிலுள்ள கருவிகள் நினைவுக்கு வரும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் தந்த எச்சரிக்கை. வலி பரவி நோயாளியையே ஏமாற்றும், அவர் நல்ல பல்லைக் காட்டிப் பிடுங்கச் சொல்வார், பிடுங்கிய பிறகும் வலி போகாது, ஆகவே எந்தப் பல் என்று உறுதியாகத் தெரியும்வரை குறட்டைத் தொடாதே என்கிறார். ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பிறகும் மாணவர்களுக்கு இதையேதான் சொல்லிக்கொடுக்கிறோம்.

அந்த எச்சரிக்கையை ஐரோப்பியச் சந்தைகளில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் 1540-ல் நாவிதர்களையும் அறுவை மருத்துவர்களையும் ஒரே சங்கமாக்கிய சட்டம், நாவிதர்கள் அறுவை செய்யக்கூடாது, பல் பிடுங்குவது மட்டும் விதிவிலக்கு என்றது. அந்த ஒரு விலக்கிலிருந்தே பல்லுக்கு அன்றிருந்த மதிப்பைத் தெரிந்துகொள்ளலாம். திருவிழாக்களில் மேடை போட்டு, முரசும் எக்காளமும் முழங்கப் பல் பிடுங்கியவர்கள் தனி இனம். அலறல் வெளியே கேட்காமலிருக்க முரசு உதவியது. அவர்கள் கையிலிருந்த கருவிகளுள் ஒன்று கூழைக்கடாப் பறவையின் அலகைப் போலிருந்ததால் அப்பறவையின் பெயராலேயே 'பெலிகன்' எனப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் பல்சாவி வந்தது. கதவுச் சாவியின் உருவம், நுனியில் கொக்கி. கொக்கியைப் பல்லின் ஒருபுறம் மாட்டி, சாவியின் தண்டை மறுபுறத்து ஈறில் அழுத்தி, பூட்டைத் திறப்பதுபோல் திருக வேண்டும். பல் நேராக மேலே வராமல் பக்கவாட்டில் சாய்ந்து வரும்; வரும்போது தாடை எலும்பின் விளிம்பையும் சில வேளைகளில் பெயர்த்துக்கொண்டு வரும். ஒவ்வொரு பல்லின் கழுத்துக்கும் பொருந்தும்படி தனித்தனி வடிவில் குறடுகள் 1840-களில் ஜான் டோம்ஸ் என்பவரால் வடிவமைக்கப்பட்ட பிறகே சாவி மெல்ல ஒழிந்தது.

பூச்சிக்கு முதல் அடி விழுந்தது ஒரு துணி வணிகரிடமிருந்து. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் கடை வைத்திருந்த அந்தோனி வான் லேவன்ஹுக், தானே தேய்த்த கண்ணாடிவில்லைகளால் எதையும் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கமுடையவர். அன்றாடம் உப்பால் பல் தேய்ப்பவர். அப்படியும் பல்லிடுக்கில் மாவு போல் வெண்மையாகப் படிந்திருந்ததைச் சுரண்டி, மழைநீரில் கலந்து பார்த்தார். துள்ளி ஓடும் நுண்ணுயிர்கள் தெரிந்தன. 1683-ல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதினார். மனித வாயிலிருக்கும் பாக்டீரியாவை மனிதக் கண் கண்ட முதல் தருணம் அது. பிற்பாடு, புகை பிடித்துப் பல்லிலிருந்து எடுத்த புழுக்கள் என்று சிலவற்றை அவரிடம் அனுப்பினார்கள். அவற்றை ஆராய்ந்து, இவை பாலாடைக்கட்டியில் ஈ இடும் முட்டையிலிருந்து வரும் புழுக்களைப் போன்றவையே என்று 1700-ல் பதில் எழுதினார். உண்மையான குற்றவாளியைத் தன் வில்லையின் அடியிலேயே பார்த்திருந்தும், அதுதான் பல்லைக் கெடுக்கிறது என்று அவருக்கும் தோன்றவில்லை. அந்த இரண்டையும் இணைக்க இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது அடி, பிரான்சின் பியேர் ஃபோஷார்டிடமிருந்து. இளவயதில் கடற்படையில் பணியாற்றி, ஸ்கர்வி நோயால் ஈறு அழுகிய மாலுமிகளைப் பார்த்துப் பழகியவர். 1728-ல் அவர் வெளியிட்ட இரண்டு பாக நூலைக்கொண்டே பல் மருத்துவம் தனித் துறையாகிறது என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்; அந்தக் கணிப்பு சரியென்றே நானும் கருதுகிறேன். காரணம், அதுவரை பல் பிடுங்குபவர்கள் தங்கள் தொழில்நுட்பத்தைக் குடும்ப இரகசியமாகப் பொத்திவைத்தார்கள். அவர் சொத்தையைச் சுரண்டி ஈயமோ வெள்ளீயமோ பொன்னோ வைத்து அடைப்பது, கோணல் பல்லைத் தகடும் நூலும் கட்டி நேராக்குவது என யாவற்றையும் படத்துடன் வெளியிட்டார். நோயாளியைத் தரையில் உட்காரவைத்துத் தலையை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொள்ளும் வழக்கத்தைக் கண்டித்து, சாய்வு நாற்காலியில் உட்காரவைக்கச் சொன்னார். பல்லில் புழுவைத் தேடிப் பார்த்தும் தான் கண்டதில்லை என்றார். இனிப்பு பல்லைக் கெடுக்கும் என்றார். இவ்வளவு தெளிவுள்ளவர், பல் கெட்டவர்கள் தம் சிறுநீராலேயே வாய் கொப்பளிக்கலாம் என்றும் பரிந்துரைத்தார். பெரியவர்களின் நூல்களை முழுதும் படித்தால் இப்படிச் சில பக்கங்களும் வரத்தான் செய்யும்.

இனிப்பைப் பற்றி அவர் சொன்னது வெறுமனே சொன்னதல்ல. அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் விளைந்த சர்க்கரை ஐரோப்பாவில் முதலில் செல்வர்களின் பற்களைத்தான் தின்றது. 1598-ல் எலிசபெத் அரசியைக் கண்ட ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர், அரசியின் பற்கள் கறுத்திருந்ததையும், ஆங்கிலேயர் சர்க்கரையை மிகுதியாக உண்பதால் அவர்களிடம் இக்குறை காணப்படுவதையும் குறித்துவைத்தார். கெட்ட பல் போனால் மாற்றுப்பல் வேண்டும். அங்கேதான் இந்த வரலாற்றின் இருண்ட பகுதி தொடங்குகிறது. நீர்யானைத் தந்தத்தில் செதுக்கிய பல்செட் எச்சிலில் ஊறி நாறும். மனிதப்பல்லே சிறந்தது என்பதால் ஏழைகளின் வாயிலிருந்து பிடுங்கி, சூடு ஆறுவதற்குள் செல்வரின் வாயில் நட்டார்கள். இலண்டனில் பணியாற்றிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் மனிதப்பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டு வளர்த்துக் காட்டி, இந்த வழக்கத்திற்கு அறிவியல் முத்திரையும் குத்திவிட்டார். நட்ட பற்கள் பெரும்பாலும் நிலைக்கவில்லை, நோய்கள் தொற்றின. 1815-ல் வாட்டர்லூ போர்க்களத்தில் இறந்துகிடந்த இளைஞர்களின் முன்பற்கள் பிடுங்கப்பட்டுச் சந்தைக்குப் போயின. வாட்டர்லூ பற்கள் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மரப்பல் இருந்தது என்பார்கள், அது கட்டுக்கதை. 1789-ல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது அவர் வாயில் சொந்தப்பல் ஒன்றே மிஞ்சியிருந்தது. அவருடைய பல்செட்டுகள் நீர்யானைத் தந்தம், மனிதப்பல், மாட்டுப்பல், ஈயம் ஆகியவற்றாலானவை. மேலும் கீழும் சுருள்வில்லால் இணைக்கப்பட்டவை. வாயை மூடியே வைத்திருக்க வேண்டும், திறந்தால் சுருள்வில் மேல்தட்டைத் தள்ளும். ஓவியங்களில் அவருடைய உதடுகள் இறுகியிருப்பதற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள். அவருடைய 1784-ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் கறுப்பினத்தவரிடமிருந்து ஒன்பது பற்கள் வாங்கியதற்கான செலவு எழுதப்பட்டிருக்கிறது.

பீங்கான் பல்லும், கெட்டிப்படுத்திய ரப்பரான வல்கனைட்டும் இந்தக் கொடுமைக்கு முடிவுகட்டின. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த வல்கனைட் மலிவானது. ஈறின் அச்சுக்கு அப்படியே பொருந்தியது. முதன்முறையாகச் சாமானியருக்கும் பல்செட் கிட்டியது. ஆனால் காப்புரிமை வைத்திருந்த நிறுவனம் அமெரிக்காவின் பல் மருத்துவர் ஒவ்வொருவரிடமும் உரிமக் கட்டணம் கேட்டு வழக்குமேல் வழக்குப் போட்டது. அந்த நிறுவனத்தின் பொருளாளர் ஜோசையா பேக்கன், 1879-ல் சான் பிரான்சிஸ்கோ விடுதியொன்றில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவரால் சுட்டுக்கொல்லப்பட்டார்.

வலியை வென்ற கதையும் பல் மருத்துவர்களுடையதே. 1844 டிசம்பர் 10 அன்று ஹார்ட்ஃபோர்டு நகரில், நைட்ரஸ் ஆக்சைடு என்னும் சிரிப்பூட்டும் வாயுவை வேடிக்கைக்காகச் சுவாசிக்கக் கொடுக்கும் நிகழ்ச்சி ஒன்றை ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்தார். வாயுவைச் சுவாசித்த ஓர் இளைஞர் துள்ளித் திரிந்து காலில் அடிபட்டுக்கொண்டார். இரத்தம் வழிந்தும் அவருக்கு அது தெரியவில்லை. மறுநாளே வெல்ஸ் அந்த வாயுவைத் தானே சுவாசித்துத் தன் பல்லைச் சக மருத்துவரை விட்டுப் பிடுங்கச் செய்தார். வலிக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் பாஸ்டனில் மருத்துவர்கள் முன் செய்துகாட்டியபோது நோயாளி கத்திவிட்டார். கூடியிருந்தவர்கள் ஏமாற்று என்று எள்ளினார்கள். அவருடைய பழைய கூட்டாளி வில்லியம் மார்ட்டன், 1846 அக்டோபர் 16 அன்று அதே நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொண்டு வெற்றிபெற்றுப் புகழை எடுத்துக்கொண்டார். வெல்ஸ் குளோரோஃபார்ம் பழக்கத்தில் சிக்கி, 1848-ல் நியூயார்க் சிறையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பாரிஸ் மருத்துவச் சங்கம் அவரையே முதல்வராக ஏற்றுக் கௌரவித்த செய்தி அவர் இறந்த பிறகே வந்துசேர்ந்தது. இன்று பல் மருத்துவரிடம் போடும் மரத்துப்போகும் ஊசி இந்த வழியில் வந்ததன்று. கோகெயினில் 1884-ல் தொடங்கி, புரோகெயின் வழியாக, சுவீடனில் 1943-ல் உருவாக்கப்பட்ட லிடோகெயினில் வந்துசேர்ந்த தனிக் கிளை அது.

மூன்றாவது கேள்விக்கு ஆண்டைச் சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் 1840 என்பேன். அந்த ஆண்டு ஹோரஸ் ஹேடனும் சேப்பின் ஹாரிஸும் அமெரிக்காவின் பால்டிமோரில் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் பிறந்த அமெரிக்கப் பல் அறுவை மருத்துவர் சங்கம், பாதரசம் சேர்ந்த இரசக்கலவையால் பல்லை அடைப்பதில்லை என்று உறுப்பினர்களிடம் உறுதிமொழி கேட்டுத் தனக்குத்தானே குழிதோண்டிக்கொண்டது; 1856-ல் கலைந்தும் போனது. இரசக்கலவையோ கலையவில்லை. பொன்னால் அடைக்க வசதியில்லாத கோடிக்கணக்கானோரின் பற்களை ஒன்றரை நூற்றாண்டு காப்பாற்றிய பிறகு, பாதரசத்தால் சூழலுக்கு வரும் கேட்டை முன்னிட்டு இப்போதுதான் விடைபெறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் அதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது.

கல்லூரி வந்தும், பட்டம் வந்தும், பல் ஏன் சொத்தையாகிறது என்று யாருக்கும் தெரியாது. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கரான வில்லோபி மில்லர் செய்த சோதனை எளிமையானது. பிடுங்கிய பற்களை எச்சிலும் ரொட்டியும் கலந்த குப்பியில் போட்டு உடற்சூட்டில் வைத்தார். பல் மிருதுவாகிக் கரைந்தது. ரொட்டிக்குப் பதில் கொழுப்பை வைத்தார்; கரையவில்லை. எச்சிலைக் கொதிக்கவைத்து நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டு ரொட்டியோடு வைத்தார், அப்போதும் கரையவில்லை. ஆகவே நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலமே எனாமலைக் கரைக்கிறது. 1890-ல் வெளிவந்த அவருடைய நூலோடு பூச்சி செத்தது. லேவன்ஹுக் கண்டவை அந்த இடத்தில் குடியேறின.

விடை கிடைத்துவிட்டால் தவறே நேராது என்றில்லை. 1910-ல் வில்லியம் ஹண்டர் என்ற இலண்டன் மருத்துவர், பொன்னுறையின் அடியில் சீழ் தேங்கி உடல் முழுவதையும் கெடுக்கிறது என்று மாண்ட்ரியாலில் முழங்கினார். அடுத்த முப்பதாண்டுகள் மூட்டுவலிக்கும் மனநோய்க்கும்கூட நல்ல பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். வேர் சிகிச்சை பல இடங்களில் கைவிடப்பட்டது. எக்ஸ்ரே இல்லாதிருந்தால் அந்த வெறி இன்னும் நீண்டிருக்கும். வேர்நுனியில் நோய் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் காட்டியது அதுதான். அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. ஜெர்மானியப் பல் மருத்துவர் ஓட்டோ வால்கோஃப் 1896 ஜனவரியில் தன் பற்களையே படம்பிடிக்க 25 நிமிடம் கதிரின் முன் இருந்தார். நியூ ஆர்லியன்சின் எட்மண்ட் கெல்ஸ் படத்தகட்டை விரலால் பிடித்தே பழகியவர். புற்றுநோயால் விரல்களையும் பிறகு கையையும் இழந்து, 1928-ல் தன் வாழ்வை முடித்துக்கொண்டார்.

சர்க்கரைக்கு எதிரான மறுக்கமுடியாத சான்று சுவீடனின் விப்பஹோல்ம் மனநலக் காப்பகத்திலிருந்து வந்தது. 1945-ல் தொடங்கிய அந்த ஆய்வில், சம்மதம் தெரிவிக்க இயலாத நோயாளிகளுக்கு ஒட்டும் மிட்டாயை, சிலருக்கு நாளொன்றுக்கு 24 வரை, கொடுத்துப் பற்கள் கெடுவதைக் கணக்கெடுத்தார்கள். எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை முறை தின்கிறோம், எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதே முக்கியம் என்று தெரிந்தது. மருத்துவர்கள் இன்றும் தரும் இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது என்பதைப் பலர் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஃபுளோரைடு வந்த வழி இதற்கு நேர்மாறானது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 1901 முதல் பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே பார்த்த குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை இருந்தது. ஆனால் கறைபடிந்த பற்களில் சொத்தை விழவில்லை. குடிநீரிலிருந்த மிகுதியான ஃபுளோரைடுதான் காரணம் என்று 1931-ல் தெரிந்தது. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவில் கறையின்றிக் காப்பு மட்டும் கிடைக்கும் என்று கணக்கிட்டு, 1945 ஜனவரியில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரின் குடிநீரில் சேர்த்தார்கள். அதன்பின் அங்கே பிறந்த குழந்தைகளிடம் சொத்தை அறுபது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மெஹர்கர் வில்லுக்கும், ஃபோஷார்ட் துளையிடப் பயன்படுத்திய வில்லுக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. 1871-ல் ஜேம்ஸ் மாரிசன் தையல் எந்திரத்தைப் போல் காலால் மிதிக்கும் துளைப்பானைக் கொண்டுவந்தார். அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,000 சுற்று. காற்றால் சுழலும் டர்பைன் 1957-ல் சந்தைக்கு வந்தபோது வேகம் 3,00,000 சுற்றுக்குத் தாவியது. அந்த வேகத்தில் வரும் சூடு பல்கூழைக் கொன்றுவிடும் என்பதால்தான் கூடவே தண்ணீர் பீய்ச்சுகிறது. அந்தக் கீச்சொலிக்கு அஞ்சாதவரை நான் பார்த்ததில்லை. ஆனால் நாற்காலியில் கழியும் நேரத்தைக் குறைத்ததும் அதே கீச்சொலிதான்.

இப்போது நடப்பது, இவ்வளவு வேகம் பெற்ற கை மெல்லப் பின்வாங்குவது. எனாமலில் குழி விழாத தொடக்கச் சொத்தையைக் குடையாமல் ஃபுளோரைடு பூசிக் காத்திருக்கிறோம். எச்சிலிலுள்ள சுண்ணாம்புச்சத்து திரும்பப் படிந்து அது இறுகிவிடும். குழி விழுந்த பிறகும், துளைப்பானைக் கண்டு அலறும் சிறுபிள்ளைக்கு வெள்ளி டையமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சிறு தூரிகையால் ஒரு நிமிடம் தடவினால் பெரும்பாலும் போதும். நுண்ணுயிர் மடிந்து சொத்தை நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அதை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஒரே குறை, தடவிய இடம் நிரந்தரமாகக் கறுத்துப்போகும். மறுமுறை வரும் தாய்மார்கள் அந்தக் கறுப்பைக் காட்டிப் பூச்சி இன்னும் பரவிவிட்டதா என்று கேட்பார்கள். நின்றதற்கு அடையாளம்தான் அந்தக் கறுப்பு என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்ல, மருந்தைத் தடவ ஆகும் நேரத்தைவிடக் கூடுதலாகவே ஆகிறது.